ஆறாவது குரல்

என் மேசை லாச்சியில் ஒரு அப்பியாசக் கொப்பி கிடக்கிறது. திறந்தால் பக்கம் பக்கமாக வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் மணிக்கூட்டு முள் போல ஒரு கோடு. பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி ‘பத்தேகால்’, ‘ஏழரை’, ‘இரண்டு’ என்று எழுதியிருக்கும். கொப்பி என்னுடையதல்ல. எழுத்தும் என்னுடையதல்ல. அது எப்படி என்னிடம் வந்தது, ஏன் இன்னும் போகவில்லை என்பதை ஒரு தரமாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அம்பிட்டியவில், ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டுப் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குக் கண்டி டவுனில் மருந்துக்கடை வேலை. எனக்குப் பத்தொன்பது வயது. வேலை தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, ஒரு சிநேகிதனோடு சங்கீதம் சங்கீதம் என்று திரிந்துகொண்டிருந்தேன். அவன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவனுடைய அப்பா அரசாங்க உத்தியோகத்தில் மாற்றலாகி வந்து குண்டசாலையில் குவார்ட்டர்ஸில் இருந்தார். எங்கள் வீட்டில் ‘வாங்க, போங்க’; அவன் வாயில் ‘ஓம், வாறன்’. என் அம்மா முதலில் அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு அவன் வருகிற நாட்களில் அவனுக்கென்று இரண்டு தோசை கூடுதலாக வார்க்கத் தொடங்கினாள்.

கப்பலில் வேலை செய்த அவனுடைய மாமா ஒருவர் ஜப்பானிலிருந்து அவனுக்கு ஒரு சிந்தசைசர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கண்டியில் அப்போது கல்யாண வீட்டு ஓர்கனைத் தாண்டி நாங்கள் எதையும் கண்டதில்லை. இது வேறு சாதி. நாலு கட்டைகளை அழுத்திப் பிடித்து ஒரு பொத்தானைத் தட்டினால், அந்த நாலு சுரங்களையும் அதுவே ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போகும். ஆர்பெஜியோ என்றான் அவன். நாங்கள் உருட்டல் என்றோம். மாமா கொண்டுவந்த கசெட்டுகளில் இங்கிலாந்துப் பொடியன்கள் கண்ணுக்கு மை பூசிக்கொண்டு பாடிய நியூ வேவ் பாட்டுகளில் எல்லாம் இந்த உருட்டல்தான் அடியில் ஓடும். அதைக் கேட்டால் எங்களுக்கு உடம்பு நிலத்தில் நிற்காது.

அந்தக் கருவிக்கு ஆறு குரல். அதாவது, உள்ளே ஆறு சத்தக் கூடுகள். உருட்டலில் முதல் சுரத்தை முதல் குரல் பாடும், அடுத்ததை அடுத்த குரல், இப்படி ஆறும் முறை வைத்துப் பாடிவிட்டு மறுபடி முதலாவதுக்கு வரும். இதை அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான். நல்ல சத்தம் ஒன்று அகப்பட்டால், எந்தக் குமிழ் எந்தத் திசையில் நிற்கிறது என்று வட்டம் போட்டு, மணிக்கூடு பார்ப்பதுபோல நேரம் எழுதி வைப்பான். அப்படித்தான் அந்தக் கொப்பி. எங்களுடைய சொந்தப் பாட்டு ஒன்றுக்கு அவன் கண்டுபிடித்த உருட்டலின் பெயரே ‘பத்தேகால்’. அவன் நன்றாக வாசித்தான். நான் சுமாராக வாசித்தேன். எனக்குப் பொறாமை இருந்தது. இத்தனை வயதுக்குப் பிறகு அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பயிற்சி. பின்னேரம் பஸ்ஸில் சனம் தொங்கிக்கொண்டு போனது. இந்தப் பாரத்தோடு எப்படி ஏறுவது, நாளைக்கு எடுக்கிறேன் என்று கருவியை என் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான். அந்த நாளை வரவில்லை. கொழும்பில் கடைகள் எரிகின்றன என்ற செய்தி முதலில் வந்தது. பிறகு கண்டியிலும் புகை எழுந்தது.

வீட்டுக்காரர் எங்கள் மூன்று பேரையும் தன் சாமான் அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். தமிழர் வீடுகளைத் தேடி லொறியில் வந்தவர்களை அவர் முன்பக்கம் பேசிப் பேசி நிறுத்திவைத்திருக்க, சிலர் பின்வேலியால் எங்கள் பக்கம் புகுந்துவிட்டார்கள். அலுமாரியை முற்றத்துக்கு இழுத்துக் கொளுத்தினார்கள். அம்மாவின் சேலைகள் எரிகிற வாடை கதவிடுக்கால் வந்தது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அழவில்லை. அவர்கள் போனபின் பார்த்தால் என் அறையில் கட்டில் கவிழ்ந்து கிடந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை.

குண்டசாலையில் அவர்களுடைய வீட்டில் சுவர்தான் மிஞ்சியது. அவர்கள் டவுனில் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருப்பதாக அறிந்து, மூன்றாம் நாள் வீட்டுக்காரரின் துணையோடு போனேன். அவன் யாருடையதோ ஒரு பெரிய சேட்டைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டான். அவன் கருவியைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான்தான் சொன்னேன்.

“போயிருச்சு மச்சான். கட்டிலுக்குக் கீழ இருந்து தூக்கிட்டாங்க. எரிச்சிட்டாங்க போல.”

“உயிர் தப்பினதே பெரிசு,” என்றான். “அது கிடக்கட்டும் விடு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடு வாசல் போனவன் என் தோளைத் தட்டிச் சமாதானப்படுத்தினான். அன்றைக்கு நான் சொன்னது பொய்யில்லை. அதுவரைக்கும் நான் யோக்கியன்தான்.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரரின் மனைவி என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நெந்தா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன், சிங்களத்தில் மாமி. லொறிச் சத்தம் கேட்டவுடனே என் அறைக்கு ஓடி, விலையான சாமானாக இருக்கும் என்று நினைத்து அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய் விறகுக் கொட்டிலில் போட்டு, மேலே தென்னோலையும் சாக்கும் போட்டு மூடியிருக்கிறாள். பயத்தில் மூன்று நாளும் மறந்தே போனாளாம். சாக்கை எடுத்தேன். இரண்டு நாள் மழையில் கொட்டில் கூரை ஒழுகிப் பெட்டி ஊறியிருந்தது. அந்தப் பையனிடம் உடனே போய்ச் சொல்லு, சந்தோசப்படுவான் என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

துடைத்து, அவளுடைய அடுப்படியில் கணகணப்பான மூலையில் இரண்டு நாள் காயவைத்தேன். கரண்ட் கொடுத்ததும் விளக்குகள் எரிந்தன. நாலு கட்டையை அழுத்தினேன். பத்தேகால் உருண்டது. ஆனால் ஒவ்வொரு ஆறாவது அடியிலும் ஒரு பள்ளம். ஈரத்தில் ஒரு குரல் செத்துவிட்டிருந்தது. ஐந்து அடி பேசும், ஆறாவது ஊமை. கால் விந்தி நடக்கிறவன் மாதிரி போனது.

பிறகு முகாமுக்கு அம்மா கட்டித்தந்த சோற்றுப் பார்சலோடு போனேன். போகிற வழியெல்லாம் சொல்லத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவன் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, சேட்டுக்குள்ளிருந்து கொப்பியை எடுத்தான். வீட்டிலிருந்து ஓடும்போது அவன் கையில் எடுத்தது அது ஒன்றைத்தான்.

“நாளைக்குக் கொழும்பிலையிருந்து கப்பல் எண்டு கதைக்கினம். யாழ்ப்பாணம் போனால் இது எனக்கெதுக்கு? நீ எப்பவாவது ஒண்டு வாங்குவாய். அப்ப இதுகளை வச்சு வாசி.”

நான் வாங்கிக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் மிச்சம். முகாமில் கருவியை எங்கே வைத்திருப்பான், கப்பலில் ஏற்ற விடுவார்களா, பழுதான சாமானைக் கொடுத்து என்ன, திருத்திக் கொடுப்போம் என்று வீட்டுக்குப் போகும் வழியில் காரணங்கள் வரிசையாக வந்தன. அவன் முன்னால் நின்றபோது எந்தக் காரணமும் வரவில்லை. எனக்கு அது வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. நெந்தா கேட்டபோது, சொல்லிவிட்டேன், பிறகு வந்து எடுப்பான் என்றேன். வருடத்துக்கு ஒரு தரமாவது அவள் கேட்பாள். நானும் அதையே சொல்வேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று அன்றுதான் படித்தேன். சோறு போடுகிறவள் நல்லவளாக இருந்தால் அது ஒன்றும் கஷ்டமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தது. ஒன்றில், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய ஆர்மோனியம் இருப்பதாகவும், அதில் பத்தேகாலைக் கையாலேயே உருட்டிப் பார்த்ததாகவும், கொஞ்ச நேரத்தில் விரல் விறைத்துவிடுவதாகவும் எழுதியிருந்தான். அதைப் படித்த அன்று பின்னேரமும் நான் வாசித்தேன். பதிலில் மழையைப் பற்றியும் அம்மாவின் முழங்காலைப் பற்றியும் எழுதினேன். பிறகு யுத்தம் முற்றியது, தபால் நின்றது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

பதினொரு வருடம் அந்தக் கருவியில் வாசித்தேன். ஹோட்டல் நடனங்களிலும் கல்யாணங்களிலும் எனக்கு ஒரு பெயரே வந்தது. அந்த விந்தல் நடை யாருக்கும் வராது என்றார்கள். வேறு குழுக்காரர்கள் பக்கத்தில் வந்து நின்று என் விரலையே பார்த்தார்கள். நான் ஏதோ வித்தை செய்கிறவன் மாதிரி சிரித்துக்கொள்வேன். ஒரு தடவை கொழும்பில் கச்சேரிக்குப் போகும்போது கடுகண்ணாவையில் வேனை மறித்தார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்ன சிப்பாய்க்கு உள்ளே இருந்த குமிழ்களும் வயரும் பிடிக்கவில்லை. ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் கரண்ட் வாங்கி வாசித்துக் காட்டினேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது யாருடையது என்று கேட்டான். மகே, என்றேன். என்னுடையது என்று அர்த்தம். அத்தனை வருடத்தில் வாய்விட்டு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடைசியில் மற்றக் குரல்களும் ஒவ்வொன்றாகச் செத்தன. ரேடியோ திருத்துகிற பாஸ் ஒருவர் திறந்து பார்த்து, உள்ளே முழுக்கப் பச்சை பூத்துக் கிடக்கிறது, எப்போதோ தண்ணீர் குடித்திருக்கிறது என்றார். பொத்தான்களையாவது எடுத்துக்கொள்ளட்டும் என்று அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

யுத்தம் முடிவதற்கு ஓரிரண்டு வருடம் முன்பு, டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேலே நான் ஒலிப்பதிவு அறை வைத்திருந்த காலத்தில், அவன் போன் எடுத்தான். கனடாவிலிருந்து. அங்கே லொறி ஓட்டுகிறானாம். யாரையோ பிடித்து என் நம்பரை எடுத்திருக்கிறான். முகாமை விட்டுப் போனபிறகு எந்தக் கருவியையும் வாங்கவில்லை என்றான், அந்த ஆர்மோனியத்தோடு சரி. அவனுடைய மகனுக்கு இப்போது பழைய நியூ வேவ் சத்தங்களில் பைத்தியம். அப்பா நீங்கள் என்ன வாசித்தீர்கள் என்று அரிக்கிறானாம். காட்ட ஒன்றும் இல்லை. கசெட்டுகளும் வீட்டோடு எரிந்துவிட்டன.

“உன்னட்டைப் புது மெசின் இருக்குமெல்லே? கொப்பி இருந்தால் பத்தேகாலை ஒருக்காச் செய்து அனுப்பு மச்சான். எனக்கும் காதுக்குள்ளை மங்கிக்கொண்டு போகுது.”

இதையாவது நன்றாகச் செய்வோம் என்று விழுந்து விழுந்து வேலை செய்தேன். பிராயச்சித்தம் என்ற வார்த்தையை அப்போது மனதில் வைத்திருந்தேன். பெரிய மனிதன்தான். காலையில் என்னிடம் கீபோர்ட் படிக்கிற பிள்ளைகள் வருமுன் கொப்பியை விரித்துவைத்து உட்காருவேன். புதுச் சிந்தசைசரின் குமிழுக்கு முள்ளும் இல்லை, முடிவும் இல்லை. சுற்றினால் திரையில் எண் மட்டும் ஓடும். பத்தேகால் என்றால் எந்த எண்? காதால்தான் தேடினேன். ஃபில்டரைப் பாதி மூடினேன். சுரம் தட்டினதும் சட்டென்று அடங்க வைத்தேன். இரண்டு சத்தத்தை ஒன்றுக்கொன்று மயிரிழை விலக்கிவிட்டேன். பழையது சூடேற அரை மணி நேரம் எடுக்கும், சூடேறும்வரை சுருதி அலையும். அந்த அலைச்சலையும் கொஞ்சம் கலந்தேன். உருட்டலின் வேகத்தை எந்தத் தாளத்தோடும் பூட்டாமல் அவன் செய்ததுபோலக் கையால் வைத்தேன். எல்லாம் வந்தது. ஆனாலும் அது இல்லை. ஏதோ மினுக்கின பாத்திரம் மாதிரி இருந்தது.

நாலாம் நாள் காலை எனக்குப் பிடிபட்டது. பள்ளம் இல்லை! பன்னிரண்டு அடி எடுத்து, ஆறாவதையும் பன்னிரண்டாவதையும் ஊமையாக்கினேன். தட்டினேன். அதே விந்தல். பதினொரு வருடம் என் விரலுக்குக் கீழே ஓடியது அப்படியே எழுந்து வந்தது. துள்ளிக் குதிக்காத குறைதான். இதை வேறு எவன் செய்வான் என்று நினைத்தேன். அந்தப் பள்ளம் எங்கிருந்து வந்தது என்பது அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கவேயில்லை. அவனிடம் இருந்தபோது நான் அதை ஒரு வருடம் கேட்டிருப்பேன். விந்தலோடு பதினொரு வருடம். பக்கத்து இன்டர்நெட் கடைக்கு ஓடிப்போய் அனுப்பிவிட்டுத்தான் வந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மா சொல்லவில்லை.

அடுத்த நாள் போன் வந்தது. பாராட்டுக் கேட்கத் தயாராக எடுத்தேன்.

“சத்தம் அதேதான்,” என்றான். “ஆனால் ஆறாவது விழேல்லை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேருந்துகளின் ஹோர்ன் சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருந்தது.

“ஒரு குரல் செத்தால்தான் மச்சான் இப்பிடி வரும். என்னட்டை இருக்கேக்குள்ளை ஆறும் பேசினது.” அவன் அவசரப்படவில்லை. “எப்ப செத்தது?”

சொன்னேன். விறகுக் கொட்டில், மழை, நெந்தா, இரண்டாம் தரம் நான் முகாமுக்கு வந்தபோது அது எங்கள் வீட்டில் காய்ந்து வாசிக்கிற நிலையில் இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு வருடத்தையும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அந்த வார்த்தை என் வாயில் மிகவும் மலிவாக இருந்தது. அவன் திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

“பிள்ளையளுக்கு அது எரிஞ்சு போச்சு எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன்,” என்றான். “நானும் இவ்வளவு நாளும் அப்பிடித்தான் நினைச்சனான். அது அப்பிடியே கிடக்கட்டும். நீ ஆறையும் போட்டு ஒருக்கா அனுப்பு. பெடியன் கேட்கட்டும்.”

பள்ளத்தை நிரப்ப இரண்டு பொத்தான் தட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். முழுதாக ஓடவிட்டுக் கேட்டேன். ஆறும் பேசின. எனக்கு அது யாரோ அந்நியருடைய பாட்டாக இருந்தது. அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. இதுதான் அது என்று முதல் வரி. ‘பெடியன், ஆர் எரிச்சது எண்டு கேட்டவன், தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்’ என்று இரண்டாவது.

கொப்பியையாவது அவனிடம் சேர்த்துவிட வேண்டும் என்று முகவரி கேட்டு வாங்கினேன். அந்த நாட்களில் வெளிநாட்டுப் பார்சலைத் திறந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். தபால் கந்தோரில் நின்ற பொலிஸ்காரர் பக்கங்களைப் புரட்டினார். தமிழ் எழுத்து, மணிக்கூடு மணிக்கூடாக வட்டங்கள், ஒவ்வொன்றிலும் குண்டுக்குக் குறித்தது போல ஒரு நேரம். அவர் முகம் மாறியதில் தப்புச் சொல்ல முடியாது. சங்கீதக் கருவியின் குமிழ்கள் என்று சிங்களத்தில் விளக்கினேன். என் ஒலிப்பதிவு அறையைப் பற்றியும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, இது யார் எழுதியது, யாருடைய கொப்பி என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்துச் சிநேகிதனுடையது என்று சொன்னால் அந்த நாள் எங்கே போய் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காக என்னை யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள்.

மகே, என்றேன்.

அப்படியானால் வீட்டிலேயே வைத்துக்கொள், இந்தக் காலத்தில் இதையெல்லாம் அனுப்பாதே என்று கொப்பியை என் கையில் திருப்பித் தந்தார். வாங்கிக்கொண்டேன்.